ஹாட்ஸ்பாட் ஆற்றுப்படை: விடுதி மாணவரிடையே நெட்கொடை குறித்த ஓர் ஆய்வு

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிற இன்னொருவனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார், உனக்கும் கிடைக்கும் என்று சொல்வது அவற்றின் பொது இலக்கணம். திருமுருகாற்றுப்படை மட்டும் முருகனின் அருளுக்கு வழிகாட்டுவது. அது நம் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு நீங்கலாக. ஆற்றுப்படைக்கு உரியவர் யார் யார் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லியிருக்கிறது: கூத்தர், பாணர், பொருநர், விறலியர். பொறியியல் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர் அப்பட்டியலில் விடுபட்டிருக்கிறார். அக்குறையை நிறைக்கவே இக்கட்டுரை எழுகிறது.

ஆய்வுக்களம், கோவைக்கு மேற்கே, சன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதி. அதிலும் இரண்டாம் மாடி. ஆய்வாளர் அங்கே நான்கு ஆண்டு தங்கிக் கணினி அறிவியல் படித்தவர். அதாவது, நெட் இல்லாத நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர். விடுதிக்கென்று வைஃபை கிடையாதா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. கோடு முழுசாகத் தெரியும். கோபுரக் கலசமும்தான் தெரியும். யாரும் அதில் தண்ணீர் மொள்வதில்லை.

இனி வரலாற்றுப் பின்புலம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதற்கு முன்பு ஒரு ஜிபி என்பது மாதம் முழுமைக்குமான சொத்து. ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு பரவிய திட்டங்களில் நாளுக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று படியளக்கத் தொடங்கினார்கள். படி பெரிதுதான். ஆனால் நள்ளிரவு 12 மணிக்கு மிச்சம் செத்துப்போகும். சேர்த்துவைக்க முடியாத செல்வம் தமிழருக்குப் புதிதல்ல. இட்லி மாவும் கல்யாண வீட்டு ரசமும் உண்டு. முதல் பந்தியில் இரண்டாவது வடை கேட்டவனை முறைத்த அதே ஆள், கடைசிப் பந்தியில் வாளியோடு துரத்திக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இங்கிருந்து பிறப்பதே இவ்வாய்வின் கருதுகோள்: வள்ளன்மை என்பது குணம் அன்று, மணி.

சான்று காட்டுவோம். 208ஆம் அறை நண்பனிடம் காலை 11 மணிக்கு ஹாட்ஸ்பாட் கேட்டால், "மச்சி, எனக்கே 50 பர்சென்ட் காலின்னு மெசேஜ் வந்துருச்சுடா" என்பான். சாயங்காலம் கேட்டால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளுவான். இரவு 11:20க்கு அவனே கதவைத் தட்டுவான். "டேய், யாருக்காவது நெட் வேணுமா? எண்ணூறு எம்பி இருக்கு, வீணாப் போகுது." அதே ஆள், அதே சிம். இடையில் நடந்தது கடிகாரம் மட்டுமே. பாரியின் தேர் அன்றிரவு 12 மணிக்குக் காலாவதி ஆகிற தேராக இருந்திருந்தால், முல்லைக்கொடிக்கு அதைக் கொடுத்ததைக் கடையெழு வள்ளல் கணக்கில் சேர்த்திருப்பார்களா என்பது சிந்தனைக்குரியது.

தேவையும் அதே நேரத்தில்தான் உச்சம் பெறுகிறது என்பது வியப்பு. அசைன்மென்ட் சமர்ப்பிக்கக் கடைசி நேரம் எப்போதும் இரவு 11:59. ஆகவே கொடுக்க மனம் வருகிற அரைமணியும், வாங்க வேண்டிய அரைமணியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பொருளியலார் இதைச் சமநிலை என்பர். எங்கள் வார்டன் இதைச் சத்தம் என்றார்.

கேட்கும் முறைக்கும் மரபு உண்டு. முழுத் தேவையைச் சொல்லிக் கேட்பவனை ஆய்வாளர் கண்டதில்லை. "ஒரே ஒரு மெயில்டா." "ஜிபே பண்ணணும், டீக்கடையில நிக்கறேன்." "ரெண்டே நிமிஷம்ணா." இவற்றுள் ஜிபே கோரிக்கைக்குக் காலை நேரத்திலும் செல்வாக்கு உண்டு, பணம் அனுப்பக் கொஞ்சம் நெட்டே போதும் என்பது கருமிக்கும் தெரியும். 'ரெண்டு நிமிஷம்' என்பது கால அளவு அன்று, இடைச்சொல். பொருள் தேடக் கூடாது.

வள்ளலுக்கு நேர்ந்த பேரிழப்பு ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் ஒரு மாலை, ஆய்வாளரே 'ஒரு பிடிஎஃப்' என்று சொல்லி 208இல் ஹாட்ஸ்பாட் வாங்கினார். பிடிஎஃப் வந்தது. கூடவே, பல நாளாக விரதம் இருந்த லேப்டாப், வைஃபை கண்ட மகிழ்ச்சியில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. திரையில் ஒரு சத்தமும் இல்லை. இருபது நிமிடம் கழித்து அடுத்த கட்டிலிலிருந்து ஓர் ஓலம். நூறு சதவீதமும் தீர்ந்தது என்று அவன் போனுக்குச் செய்தி வந்திருந்தது. பங்கு தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 5 எம்பி கோப்பு இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல். அந்த வேகத்தில் நாள் முழுக்க இடைவிடாமல் இறக்கினாலும் 700 எம்பி தேறாது. அவன் அன்று காதலியின் படம் ஒன்று மேலிருந்து கீழாக, நெற்றி, புருவம், மூக்கு என்று வரிசையாகத் தோன்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதாதி கேசத்தை நாம் அறிவோம். இது கேசாதி பாதம். அதன்பின் அந்த மாடியில் யார் லேப்டாப் கொண்டுபோனாலும், 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்திருக்கிறதா என்று சுங்கச்சாவடியில் பார்ப்பது போலப் பார்த்த பிறகே கடவுச்சொல் சொல்லப்பட்டது.

அடுத்து, பெயர்கள். கல்வெட்டியல் துறையினர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். ஆய்வாளர் தம்முடையதற்கு 'பக்கத்து ரூம்' என்று பெயரிட விரும்பினார். போன் கடைசி எழுத்துகளை ஏற்க மறுத்தது. ஆங்கில எழுத்தில் இதைவிட நீளமான வசவெல்லாம் பக்கத்து அறைகளில் பெயராக மின்னிக்கொண்டிருக்க, தமிழுக்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் குடைந்ததில் விளங்கியது இது. வைஃபையின் 802.11 தரவிதிப்படி பெயருக்கு இடம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அதிலும் மெய்யின் புள்ளி தனிக் குறி, கால் தனி, கொம்பு தனி. 'ட்' என்று எழுதினால் ஆறு பைட் போயிற்று. ஆகத் தமிழனுக்கு ஒதுக்கப்பட்டது பத்துக் குறி.

'பக்கத்து ரூம்' என்பது பன்னிரண்டு குறியும் ஓர் இடைவெளியும், 37 பைட். கொள்ளாது. 'ஹாட்ஸ்பாட்' என்ற சொல்லையோ எண்ணிப் பாருங்கள்: சரியாகப் பத்துக் குறி, 30 பைட். மிச்சம் இரண்டில் தமிழ் எழுத்து ஒன்றுகூட நுழையாது; இரண்டு ஆச்சரியக்குறி போடலாம். அதாவது, ஹாட்ஸ்பாட்டின் பெயர் ஹாட்ஸ்பாட் என்பதற்கு மேல் தமிழில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏழு சீரில் உலகத்தை அடைத்தவர்கள் வழிவந்தோருக்கு இது ஒரு தடையா என்று சிலர் கேட்கக்கூடும். தடை அன்று என்பதை 207காரன் மெய்ப்பித்தான். அவன் வைத்த பெயர் 'கேட்காதே'. எட்டுக் குறி, 24 பைட், சொல்ல வேண்டியது முழுவதும்.

கடவுச்சொல்லில் நிலைமை இன்னும் கடுமை. எட்டு முதல் 63 வரை, அதுவும் ஆங்கில விசைப்பலகைக் குறிகள் மட்டும். பெயரில் தமிழுக்குத் திண்ணையாவது உண்டு. கடவுச்சொல்லில் வாசலே இல்லை. குறைந்தது எட்டு என்பதால் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்களை வரிசையாக வைத்தவர்களே பெரும்பான்மை. ஒருவன் மட்டும் யார் கேட்டாலும் சொல்ல மாட்டான். கருமி என்று பெயர் வாங்கினான். நெருக்கியபோது, க்யூஆர் கோடு காட்டுகிறேன், ஸ்கேன் பண்ணிக்கோ என்றான். காட்டினான். அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே போன் கடவுச்சொல்லைப் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயரும் அவள் ரோல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கமும். அவன் கருமி அல்லன் என்பது அன்று நிறுவப்பட்டது.

அலைவரிசையும் குணத்தைக் காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், சுவரைத் தாண்டி ஓரளவு போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிதான். வேகம் அதிகம், ஆனால் சுவரில் முட்டி மெலியும். எனவே 2.4 ஊருக்கு, 5 வீட்டுக்கு. இரும்பு பீரோவுக்குப் பின்னால் கட்டில் போட்டவனுக்கு இரண்டும் இல்லை. அவனை ஆய்வாளர் பொருநர் வகையில் சேர்க்கிறார்.

இனி ஆற்றுப்படை. தேர்வுப் படிவம் நிரப்பிவிட்டு வெளியே வரும் முதலாம் ஆண்டுப் பையன், எதிரே லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரும் இன்னொருவனை மாடிப்படியில் நிறுத்தி உரைத்ததை ஆய்வாளர் காதால் கேட்டார். "217க்குப் போடா. இடப்பக்கமாப் போகாத, பாத்ரூம் தண்ணி வாசல் வரைக்கும் நிக்குது, போன வாரம் ஒருத்தன் போனோட விழுந்தான். வலப்பக்கம், பக்கெட் வரிசையைத் தாண்டிப் போ. வார்டன் செருப்பு வெளிய கெடந்தா திரும்பிரு. அண்ணன் இயர்போன் மாட்டியிருப்பாரு, கூப்பிடாத, கண்ணு முன்னாடி போய் நில்லு. கேம்ல செத்ததும் நிமிர்ந்து பாப்பாரு. அப்பக் கேளு, கண்டிப்பாக் குடுப்பாரு." நன்னனிடம் போகும் மலைவழியின் இடர்களை விரித்துரைக்கும் மலைபடுகடாம் 583 அடி கொண்ட நூல். இந்தப் பையன் ஒரே மூச்சில் முடித்தான். வள்ளலின் மனம் இளகும் கணத்தைக் குறித்துச் சொன்ன நுட்பம் பாணருக்கும் வாய்க்குமா என்பது ஐயம்.

5ஜி வந்தபின் இத்துறை சரிவு காண்கிறது. 2022 அக்டோபரில் சேவை தொடங்கியது; அளவில்லை என்றார்கள். 2024 ஜூலையில் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கே அந்தச் சலுகை என்றானது. எங்கள் மாடியில் 5ஜி கிடைத்தது கிழக்குச் சன்னலில் மட்டும். அங்கே ஒருவன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டான். ஈரத் துண்டுகளுக்கு நடுவே அது தொங்கியபடி எல்லோருக்கும் ஊட்டியது. அவனை யாரும் மச்சி என்று குழைந்து கூப்பிடவில்லை. குறையாததைக் கொடுப்பவனைப் பாட நாவு எழுவதில்லை. மிச்சத்தை வார இறுதிக்கு எடுத்துப்போகலாம் என்ற திட்டத்துக்கு மாறிய இருவர் அன்றே 11:30 மணிக் கொடையை நிறுத்தினர். கருதுகோளுக்கு இதைவிட வலுவான ஆதரவு வேறில்லை.

நிற்க. ஒரு சிக்கல் இருக்கிறது.

நள்ளிரவு 12:01க்கு எங்கள் மாடியில் வைஃபை பட்டியலைத் திறந்துவைத்துப் பார்ப்பது ஆய்வாளரின் வழக்கம். புதிய பங்கு வந்துவிட்டதால் பெயர்கள் ஒவ்வொன்றாக அணையும். 'கேட்காதே' அணையும். 'ஹாட்ஸ்பாட்!!' அணையும். ஒன்று மட்டும் அணையாது: ஆங்கில எழுத்தில் 'ஆண்ட்ராய்டுஏபி'. போன் வாங்கும்போதே இருந்த பெயர், மாற்றியதில்லை, பூட்டும் கிடையாது. காலை 7 மணிக்கும் இருக்கும். வாரக்கணக்கில் நாங்கள் அதில் குடித்தோம். புறநானூற்றில் வன்பரணருக்குக் காட்டில் உணவும் அணியும் தந்து, யார் என்று கேட்டும் பெயர் சொல்லாமல் போன நள்ளியை இங்கே நினைக்கத் தோன்றும். வள்ளலைக் கண்டுபிடிக்கச் சிக்னல் வலுக்கும் பக்கமாகப் படியிறங்கினோம். கீழே, படிக்கட்டுக்கு அடியில், இரவுக் காவலர் தாத்தா நாற்காலியில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் ஊருக்குப் போகுமுன் எதையோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

குற்றவுணர்ச்சியோடு விஷயத்தைச் சொன்னோம். "அதான் பாட்டு நின்னு நின்னு வருதா" என்றார். அணைத்துத் தருகிறோம் தாத்தா என்று கையை நீட்டினோம். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கண்ணு. எனக்கு ரெண்டு பாட்டு போதும்."

இத்தரவு கருதுகோளோடு பொருந்தவில்லை. ஆகவே ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.