பாட்டி கணக்கில் இல்லை

2016இல் பிரிட்டனில் 19 வயது இளம்தாய் ஒருவருக்கு அரசிடமிருந்து வந்த டாக்ஸ் கிரெடிட் நின்றுபோனது. தனியாகப் பிள்ளை வளர்ப்பதாகச் சொல்லிவிட்டு ரகசியமாக ஓர் ஆணுடன் குடித்தனம் நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆணின் பெயர் ஜோசப் ரவுண்ட்ரீ. யார்க் நகரத்துச் சாக்லெட் முதலாளி. ஏழ்மைக்கு என்ன காரணம் என்று ஆராய்வதற்காகவே அறக்கட்டளை வைத்த புண்ணியவான். அவர் காலமானது 1925இல். அவர் பெயரில் இயங்கும் வீட்டுவசதி அறக்கட்டளையின் வீட்டில் இந்தப் பெண் வாடகைக்கு இருந்தார். அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

அதே சமயத்தில் இன்னொரு பெண்மணிக்கு ஆர்.எஸ். மக்காலுடன் தொடர்பு என்று கண்டுபிடித்தார்கள். பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் கடைகளின் பெயர் அது. இந்தத் துப்பறியும் வேலையைச் செய்தது கான்சென்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். அரசுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறதோ அதற்குத் தக்கபடி அதற்குக் கூலி. கூலி அப்படியிருந்தால் செத்தவர்கள் எழுந்து வந்து குடித்தனம் நடத்துவதில் வியப்பில்லை. கூச்சல் பெரிதானதும் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம் என்று வரித்துறை கைகழுவியது.

டாக்ஸ் கிரெடிட் என்பது கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது 2003இல் கடைசிவரை இருந்த வடிவத்துக்கு வந்த ஏற்பாடு. குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கைகொடுத்தது. நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் போன வருட வருமானத்தை வைத்து இந்த வருடத்துக்குப் பணம் தருவார்கள்; வருடம் முடிந்ததும் உண்மைக் கணக்கைப் பார்த்து, கூடக் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். முதல் வருடத்திலேயே இப்படிக் கூடப்போன தொகை சுமார் 220 கோடி பவுண்ட். அந்தப் பணம் பால்பவுடராகவும் பள்ளிச் சீருடையாகவும் மாறி வெகுநாள் ஆனபின் கடிதம் வந்து சேரும். 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு திட்டத்துக்கே மூடுவிழா நடந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் யூனிவர்சல் கிரெடிட்.

பழையது போனால் கணக்கு எளிதாகியிருக்கும் என்று நினைப்பவர்கள், தமிழர்கள் நிறைய வாழும் லண்டன் ஹாரோவில் நமக்குத் தெரிந்த கும்பகோணத்துக்காரர் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். மனிதர் தொழிலில் கணக்காளர். பெரிய கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பை டீ ஆறுவதற்குள் பார்த்து முடிப்பவர். சொந்தப் பிள்ளைகளின் நர்சரிச் செலவுக்கு அரசு எவ்வளவு தரும் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முழுக்கத் தாளைப் பரப்பி வைத்திருக்கிறார்.

முதல் சிக்கல், குடும்பம் என்றால் யார் என்பது. யூனிவர்சல் கிரெடிட்டுக்குக் கணவனும் மனைவியும் ஈருடல் ஓருயிர். இருவர் சம்பளத்தையும் சேமிப்பையும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். தகுதி இருந்தால் குழந்தைப் பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை கிடைக்கும், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் விஷயத்தில் அந்தத் தம்பதி திடீரென்று யாரோ இருவர். ஒருவர் மட்டும் 80,000 பவுண்ட் சம்பாதித்தால் முழுத் தொகையும் வரியாகத் திரும்பிப் போய்விடும். ஆளுக்கு 59,000 வாங்கினால் வீட்டுக்கு 1,18,000 வந்தாலும் ஒரு பென்னிகூடப் போகாது. இந்த அநியாயத்தை அவர் மனைவியிடம் விளக்கியபோது, “அப்போ நீங்க கொஞ்சம் கம்மியா சம்பாதிங்க, நான் கொஞ்சம் கூட சம்பாதிக்கிறேன்” என்றார் அந்த அம்மாள். அரசு இத்தனை வருடமாகச் சொல்ல முயல்வதும் அதுதானோ என்னவோ.

அடுத்தது ‘வரியில்லாக் குழந்தைப் பராமரிப்பு’. கணக்கில் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும். ஒரு குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு அதிகபட்சம் 500. யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் இதை வாங்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்குக்குள் போய், நிலைமை மாறவில்லை என்று உறுதிசொல்ல வேண்டும். திருமணத்தில்கூட ஒரே ஒருமுறைதான் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2025 செப்டம்பரிலிருந்து, வேலைக்குப் போகும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கும் வாரம் 30 மணிநேரம் இலவச நர்சரி உண்டு. வாரம் என்றால் பள்ளி நடக்கும் 38 வாரம். வருடம் முழுக்க நிரவினால் வாரத்துக்கு 22 மணிநேரம்கூடத் தேறாது. சாப்பாடு, நாப்பி எல்லாம் தனிக்காசு. அதுவும் 9 மாதம் நிரம்பிய மறுநாளே கிடைக்காது, அடுத்த பருவம் தொடங்க வேண்டும். நம் கணக்காளரின் இளைய மகள் பிறந்தது 2024 டிசம்பர் 1. செப்டம்பர் 1ஆம் தேதிதான் 9 மாதம். முதல்நாள் பிறந்திருந்தால் செப்டம்பரிலேயே இலவசம். இப்போது ஜனவரி வரை முழுக்காசு. ஜாதகம் கணித்த ஜோசியர் செவ்வாய், சனி எல்லாம் பார்த்தார், இந்த தோஷத்தை மட்டும் கவனிக்கவில்லை.

இத்தனையையும் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் வாய் திறந்தார்.

“நான்தானே மாப்பிள்ளை பிள்ளைங்களைப் பாத்துக்கறேன்? எனக்கு ஒண்ணும் கிடையாதா?”

“நீங்க பதிவு பண்ணின ஆள் இல்லையே அத்தை.”

“சரி, பண்ணிக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

“பதிவு பண்ணினாலும் இந்த வீட்டுல வச்சுப் பாத்தா சேராது. பாட்டியா இருந்தா, குழந்தையோட வீட்டுக்கு வெளியே வச்சுத்தான் பாக்கணும்.”

“அப்போ பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் உக்காந்துக்கட்டுமா?”

விதி உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து கஞ்சி ஊட்டும் கிழவி படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார். அவரை நினைவில் வைத்த இடம் ஒன்று உண்டு. 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கு, அரசு ஓய்வூதியத்துக்கான வரவை 2011 முதல் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருக்க வேண்டும். மாமியாருக்கு 68.

எல்லாம் கூட்டிக் கழித்து முடித்த வாரம் அலுவலகத்தில் நல்ல செய்தி சொன்னார்கள். சம்பளம் 98,000 பவுண்டிலிருந்து 1,01,000 ஆகிறது. மனிதருக்கு வியர்த்துவிட்டது. பெற்றோரில் ஒருவரின் வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டினால், 30 மணிநேரமும் போச்சு, எட்டுக்கு இரண்டும் போச்சு. இருவரும் ஆளுக்கு 99,000 வாங்கினால் தடையில்லை. போதாக்குறைக்கு, ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரும் ஒவ்வொரு நூறிலும் ஏறக்குறைய அறுபது வருமானவரிக்குப் போகும். 3,000 பவுண்ட் கூட வந்தால் வீட்டுக்குப் பல ஆயிரம் நஷ்டம்.

உயர்வு முழுவதையும் ஓய்வூதியக் கணக்கில் போட்டுவிடும்படி அவர் கேட்டு எழுதினார். அப்படிப் போட்டால் அது வருமானக் கணக்கில் வராது. மேலதிகாரி காரணம் கேட்கவில்லை. அவருக்கும் நர்சரி போகும் பிள்ளைகள் இரண்டு. மூன்று வருடமாக அவர் சம்பளம் 99,900.