டல்லாஸ் மாப்பிள்ளை

செய்யாரில் பெண்ணைப் பெற்றவர் இப்போதெல்லாம் பையனின் சம்பளத்தை இரண்டாவதாகத்தான் விசாரிக்கிறார். முதல் கேள்வி, "தம்பிக்கு ஐ-140 ஆயிடுச்சா?" என்பது. அதாவது, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட மனு தேறிவிட்டதா என்று. கேட்பவர் விமானமே ஏறியிராத நெல் வியாபாரியாக இருக்கலாம். ஆனால் எச்1பி விசா மூன்று வருடம், நீட்டித்தால் ஆறு, ஐ-140 கைக்கு வந்துவிட்டால் அதற்கு மேலும் ஓடும், 2015லிருந்து அதை வைத்து மனைவியும் அனுமதி வாங்கி வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதையும், நெல் கொள்முதல் நிலையத்து டோக்கன் மாதிரி இந்தியர் வரிசை மட்டும் நகராமலே கிடக்கிறது என்பதையும் கேட்காமலே சொல்வார்.

இந்தக் கேள்விக்கு மறுமுனையில் முழிக்கிறவர்தான் டல்லாஸ் மாப்பிள்ளை. தெருவுக்குத் தெரு அவர் நியூஜெர்சி மாப்பிள்ளை, சியாட்டில் மாப்பிள்ளை என்று பெயர் மாறுவார், ஆள் ஒன்றுதான். வயது முப்பதைத் தொட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் நயாகரா படம். கூட நின்ற நண்பனை வெட்டியதில் அவனுடைய தோள்பட்டை மட்டும் ஓரமாகத் தங்கியிருக்கும்.

சினிமா இவரை என்றைக்கும் மதித்ததில்லை. 2001இல் வந்த 'மின்னலே'யில் அமெரிக்க மாப்பிள்ளையாக வருபவர் அப்பாஸ். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே மாதவன் பெண்ணைக் காதலித்துவிடுவார். அத்தனை அழகனாக இருந்தும் கடைசியில் பெண்ணை விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் அப்பாஸின் வேலை. அதே மாதவன் 2003இல் 'நள தமயந்தி'யில் சமையல்காரராக ஆஸ்திரேலியா போய், அங்கே தங்குவதற்காகவே ஒரு கல்யாணம் செய்துகொள்ளப் பாடுபட்டார். செய்த வினை என்று அப்பாஸ் ரசிகர்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம். திரையில் தோற்றாலும் ஊரில் அமெரிக்க மாப்பிள்ளை ராஜாவாகத்தான் இருந்தார். ஜாதகம் பொருந்தாவிட்டால் ஜோசியரை மாற்றினார்களே தவிர, மாப்பிள்ளையை மாற்றவில்லை.

அமெரிக்காவிலேயே யாரையாவது பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். முயற்சி நடக்காமல் இல்லை. நெட்பிளிக்ஸில் 2020 முதல் 2023 வரை நான்கு சீசன் ஓடிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரை இவர் ஒரே வார இறுதியில் பார்த்து முடித்தவர். கனடாவின் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மைத்ரேயி ராமகிருஷ்ணன் நாயகியாக நடித்த தொடர். ஆனால் இவர் கண் போனது நாயகியின் அக்கா முறையான கமலாவின் மேல். இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஆராய்ச்சி செய்ய வந்த பெண். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு காதலன், வீட்டார் பார்த்த பிரசாந்த், அதற்கும் பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். "நமக்கு ஒண்ணுகூட செட் ஆகலையே மச்சி" என்று அறைத்தோழனிடம் புலம்பிவிட்டு டேட்டிங் ஆப்பை இறக்கினார். அதில் சைவமா அசைவமா என்ற கட்டத்தை அக்கறையாக நிரப்பினார். இரண்டு 'ஹாய்'க்கு மேல் பேச்சு நகரவில்லை. பொறுப்பு அம்மாவிடமே திரும்பி வந்தது.

அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு. ஊர்க் கோயிலான திருவோத்தூர் வேதபுரீசுவரர் சந்நிதியில்தான் சம்பந்தர் பாடி ஆண் பனை குலை ஈன்றது. ஆண் பனையே காய்த்த ஊரில் பையனுக்கு ஒரு வரன் அமையாதா என்பது அவர் வாதம். எதிர்வாதம் செய்ய யாருக்கும் துணிச்சல் இல்லை.

தடை வேறு இடத்திலிருந்து வரும். அமெரிக்க ஆபீசில் தாராளமாக லீவு கிடைப்பது கோடையிலும் கிறிஸ்துமசிலும். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடுகிறது, டிசம்பர் பாதியில் மார்கழி. கிறிஸ்துமஸ் லீவு முழுக்க மார்கழிக்குள் போய்விடும். அந்த இரண்டு மாதமும் பெண் பார்க்கக்கூட யாரும் படியேற மாட்டார்கள். மேனேஜர் லீவு தரும்போது பஞ்சாங்கம் தராது, பஞ்சாங்கம் தரும்போது மேனேஜர் தரமாட்டார். எனவே கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்குத்தான் இவர் குறி வைத்தாக வேண்டும். அதே முகூர்த்தத்தின் மேல் ஊரில் இருக்கிற அத்தனை டல்லாஸ்காரர்களுக்கும் கண். மண்டபம் கிடைக்காது.

சம்பந்தம் முடியுமுன்பே புடவை பார்த்துவிடுவது அம்மாவின் வழக்கம். ஆரணியில் தெரிந்த நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் பையனைக் கூப்பிடுவார். கோடையில் இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை.

"இது மாம்பழக் கலர்டா, பாரு."

"ஆரஞ்சு மாதிரி தெரியுதும்மா."

"உன் போனுதான் சரியில்ல."

பின்னால் தறி ஓடுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு விழாது. ஆரணிப் பட்டு எடை குறைவு, பெட்டிக்கு 23 கிலோதான் என்கிற ஏர்லைன்ஸ்காரனுக்கும் ஒத்துவரும் என்று நெசவாளர் சொல்கிற கணக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். பாரத் மேட்ரிமோனியைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன், 1997இல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தமிழர்களுக்காக ஓர் இணையதளம் ஆரம்பித்தவர். அதில் மணமகள் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அவருக்கும் அதன் வழியாகத்தான் பெண் அமைந்தது. டல்லாஸ் மாப்பிள்ளை இந்தக் கதையை அடிக்கடி சொல்வார். பெண் கிடைக்க ஒரு கம்பெனியே தொடங்க வேண்டியிருந்தது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்ததிலிருந்து நெல் வியாபாரியின் குரலே மாறிவிட்டது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கு அது கிடையாது என்று பையன் எத்தனை முறை விளக்கினாலும், "தாலி கட்ட இங்க வந்துட்டு திரும்பிப் போறப்ப கேட்டான்னா? கம்பெனி கட்டுமா, நாம கட்டணுமா தம்பி?" என்கிறார். அந்த 'நாம'வில் பையனுக்கு வியர்க்கிறது.

பெண்ணுக்குச் சென்னையில் ஓஎம்ஆரில் வேலை. அதுவரை பேசாமல் இருந்தவள் போனை அப்பாவிடமிருந்து வாங்கினாள்.

"விசா ஸ்டாம்பிங் கிடைக்கலன்னா இங்கயே இருந்துடுவீங்களா?"

பையன் பதறிப்போய், "சேச்சே, அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்றார்.

"ஆகும்னா மேல பேசலாம்னு பார்த்தேன்."