கத்திரி வெயிலும் கத்துக்குட்டி வைத்தியரும்

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் பிறந்ததும் நம் நண்பர்களுக்குள் ஒரு வைத்தியர் முளைத்துவிடுகிறார். “பீர் குளிர்ச்சி மாப்ள, சூட்டைத் தணிக்கும்.” ஆல்கஹால் வாசோபிரசின் ஹார்மோனை அமுக்கி உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும் என்றால், “அதான்டா, சூடு வெளியே போகுது!”

2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். கடை திறப்பது பகல் 12 மணிக்கு, சரியாக உச்சிவெயில் முகூர்த்தத்தில். மோர்ப் பந்தலுக்கோ ரிப்பன் வெட்டக் கட்சிக்காரர் வரவேண்டும்; மூன்றாம் நாள் பந்தல் இருக்கும், பானை காய்ந்திருக்கும்.

நன்னாரி சர்பத்தோடு நிற்பவனிடம், “சுகரா, பிரஷரா?” என்று துக்கம் விசாரிக்கிறார்கள். ஆமாம் என்றுவிடுவது உத்தமம்; விரும்பித்தான் குடிக்கவில்லை என்றால் எவரும் நம்புவதில்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டால்தான் கொஞ்சம் திணற வேண்டிவரும்.