இன்னைக்கு என்ன கொழம்பு?

கேள்வி: ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஜீப் வந்துவிடும். அதற்குள் நாலு தூக்குவாளி நிறைய வேண்டும். "இன்னைக்கு என்ன கொழம்பு வைக்க?" என்ற யோசனையே என்னைத் தின்கிறது.
(வாசகி, கம்பம்மெட்டு)

பதில்: நீங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அது உங்களைச் சாப்பிடக் கூடாது, தாயி. கம்பத்துக்கு இறங்கி வாங்கிவந்த காய்கறியைத் தரையில் கொட்டி, எது முதலில் வாடும் என்று பாருங்கள். அந்த வாரச் சமையல் அங்கேயே முடிவாகிவிடும். கீரை அன்றைக்கே. வெண்டையும் அவரையும் அடுத்த இரண்டு நாள். கோஸ், கேரட் நடுவாரம். பூசணியும் சேனையும் வெட்டாதவரை பொறுமையாகக் காத்திருக்கும், அவை கடைசிக்கு. பை காலியான நாளுக்குச் சுண்டைவற்றல், கருவாடு, முந்தின ராத்திரி ஊறப்போட்ட மொச்சை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி புளிக்காய்ச்சல் போட்டு வையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கடலைப்பருப்பு தாளித்து, கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றி, மஞ்சள், உப்பு, பெருங்காயம் போட்டுச் சுண்ட விடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கியதும் வறுத்த வெந்தயப் பொடியைத் தூவி இறக்குங்கள். ஈரக் கரண்டி படாவிட்டால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். கண் அசந்து பிந்தி எழுந்த நாளில், ஜீப் ஹார்ன் அடிப்பதற்குள் சோற்றைக் கிளறிக் கட்டிவிடலாம்.

கேள்வி: இங்கே கேரள ரேஷனில் வரும் குத்தரிசி வேகவே மாட்டேன் என்கிறது. கேஸ் தீர்ந்துபோகிறது.

பதில்: அதற்குக் கேரளத்திலேயே மருந்து இருக்கிறது. சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் வீடு வீடாகக் கொண்டுபோன சூடாறாப்பெட்டி. பாலக்காட்டுப் பக்கம் முண்டூரில் அவர்களுடைய ஆய்வு மையமே இருக்கிறது. பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை. கொதித்த பானையின் சூடு வெளியே போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

ராத்திரி அரிசியை ஊறப்போடுங்கள். விடிகாலையில் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி திறக்காமல் பெட்டியில் இறக்குங்கள். பெட்டி இல்லையா? பழைய கம்பளியைச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தாலும் வேலை நடக்கும். ஒன்றரை மணி நேரம் போல விட்டு வடித்துப் பாருங்கள். அரிசிக்குத் தக்கபடி நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அந்த நேரத்தில் அடுப்பு குழம்புக்கு, கை உங்களுக்கு. வெந்த சோற்றை மட்டும் நாள் முழுக்க உள்ளே கிடத்தாதீர்கள், வெதுவெதுப்பில் கெட்டுப்போகும்.

கேள்வி: ஆடி மழையில் இட்லி மாவு பொங்குவதே இல்லை.

பதில்: குளிரில் அதுவும் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் ஊறப்போடுங்கள். உப்பைக் காலையில் சேருங்கள். முன்கூட்டிப் போட்டால் புளிப்பு தாமதமாகும். மாவுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அகலச் சட்டியில் இறக்கி, மேலே துணி போட்டு மூடுங்கள். அந்தக் கம்பளி இதற்கும் உதவும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குச் சமையல் தெரியாது. நான் ஒருத்தியே எத்தனை வேலைதான் பார்ப்பது?

பதில்: அவரும் தோட்டத்துக்குப் போகிறவர்தானே? பிஞ்சு உதிராமல் விளைந்த ஏலக்காயை மட்டும் பார்த்து எடுக்கிற விரலுக்கு, சின்ன வெங்காயம் உரிக்கத் தெரியாதா? ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் முறத்தை அவர் பக்கம் தள்ளுங்கள். முதல் நாளைக்குக் கால் கிலோ போதும்.