பள்ளிக்கூடத்துப் பஞ்சாங்கம்

ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கல்வி இலாகாவினர் நாட்காட்டி என்றொரு காகிதத்தை எங்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். காலாண்டுப் பரீட்சை எந்த வாரம், அரையாண்டு விடுமுறை எத்தனை நாள், பள்ளி மேலாண்மைக் குழு கூடவேண்டிய கிழமை எது என்பனவெல்லாம் தீர்க்கதரிசனத்தோடு அதில் குறிக்கப்பட்டிருக்கும். தலைமையாசிரியர் அதை மிகுந்த பக்தியுடன் சுவரில் ஒட்டுவார். சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே, பெரியாற்று வாய்க்கால் பாயும் வயல்களின் ஓரத்தில், இரண்டே ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்புகளையும் நடத்திவருகிற எங்கள் தொடக்கப்பள்ளியில், அந்தக் காகிதத்தை முழுவதும் வாசித்த ஜீவன்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பிள்ளைகளிடம் இருப்பது வேறு பஞ்சாங்கம். அது மதுரையின் பஞ்சாங்கம். மாதத்துக்கொரு திருவிழா நடக்கிற ஊரின் அருகே பிறந்தவர்களுக்கு இலாகாவின் காகிதம் ஒரு பொருட்டாகத் தோன்றாததில் வியப்பொன்றுமில்லை.

வருஷம் சேர்க்கையோடு தொடங்குகிறது. முற்காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாயிற்று என்று கொள்வது சம்பிரதாயம். பிறந்த தேதியையும் தலைமையாசிரியரே அனுக்கிரகித்துவிடுவார். எங்கள் ஊரில் ஐம்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஜனித்தவர்களாக இருப்பதன் ரகசியம் இதுதான். பிறப்புச் சான்றிதழும் ஆதார் அட்டையும் வந்தபின், பிரம்மதேவனுக்கு உதவியாக நாங்கள் பார்த்துவந்த அந்த உத்தியோகம் கையைவிட்டுப் போய்விட்டது.

முதல் நாளில் ஒரு பிள்ளை அழுதால் வகுப்பு முழுவதும் அழும். பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்த அடி, சகல ஜீவராசிகளின் முதுகிலும் விழுந்ததாகத் திருவிளையாடல் சொல்கிறதல்லவா? அந்த அற்புதத்தின் மெய்ம்மையை ஐயுறுபவர்கள் ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பு வாசலில் ஒரு நாழிகை நின்று பார்க்கலாம். அடிக்குத்தான் இடமில்லை, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பிரம்பை விலக்கிவிட்டது. அழுகையை விலக்க அந்தச் சட்டத்தில் ஷரத்து எதுவும் இல்லை.

அழுகை ஓய்வது சோற்று வாசனையில்தான். மத்தியானம் பள்ளியிலேயே அன்னமிடுவது காமராஜர் ஆட்சியில், 1956-இல், எட்டயபுரத்தில் துவங்கியது என்பதையும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார் என்பதையும் பொதுஅறிவுப் பாடமாகவே நடத்துகிறோம். காலை உணவோ நம் ஊரிலேயே பிறந்தது: 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி, மதுரை நெல்பேட்டையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். அன்றைய தினத்துக்கு முன், காலை முதல் மணிக்கும் பிள்ளைகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருந்ததில்லை. இப்போது கிச்சடி என்று தெரிந்த கிழமைகளில் நான் வருவதற்கு முன்பே பள்ளி நிறைந்துவிடுகிறது. முட்டையைக் கொண்டு கழித்தல் கணக்கு சொல்லித்தர முயன்றேன். “தட்டில் ஐந்து முட்டை இருக்கிறது. நீ இரண்டு தின்றால் மீதி எத்தனை?” என்று ஒருவனைக் கேட்டேன். அவன் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒராளுக்கு ஒண்ணுதான் சார் குடுப்பாக” என்றான். சத்துணவுப் பதிவேட்டின்படி அவன் சொன்னதே சரியான விடை.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் நடக்கிறது. 2022-இல் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைக்கவேண்டும். கவித்துவமான ஏற்பாடு, ஆனால் வகுத்தவர்கள் மதுரை மல்லிகை விளையும் சீமையை உத்தேசித்து வகுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பொழுது புலருமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மொட்டாகவே கொய்து, வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் பலர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. அப்படியொரு தோட்டக்காரரிடம், “உங்கள் மகன் இப்போது மொட்டில் இருக்கிறான். கொஞ்சம் சிரத்தை எடுத்தால் ஆண்டு முடிவதற்குள் மலருக்குப் போய்விடுவான்” என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “வாத்தியாரய்யா, மொட்டுக்குத்தானே வெலை? மலந்துபோச்சுன்னா எவன் வாங்குவான்? அவன் பாட்டுக்கு மொட்டாவே இருக்கட்டும்யா” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று வட்டார வள மையத்துப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

காலாண்டும் அரையாண்டும் வந்து போயின. அவற்றைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தை பிறந்தால் முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். இந்த வரிசையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிழையின்றி ஒப்பிக்கும். வாரத்தின் கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால்தான் தடுமாறும். பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு வாரத்துக்கு எங்கள் வகுப்பறை வாசலே வாடிவாசல். யார் உள்ளே நுழைந்தாலும் அவர் காளை. வட்டாரக் கல்வி அலுவலர் அந்த வாரத்தில் பார்வைக்கு வராதிருப்பது அவர் முற்பிறவியில் செய்த புண்ணியம்.

மாசி கழிந்து ஆண்டு விழா வந்தது. கட்டபொம்மனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தலைமையாசிரியர், இம்முறை நம்மூர்க் கதையாகவே இருக்கட்டும் என்று, ஆவணி மூலத்தில் மதுரைப் பிட்டுத்தோப்பில் நடைபெறுகிற பிட்டுத் திருவிளையாடலையே நாடகமாக்கத் தீர்மானித்தார். வைகைக் கரை உடைகிறது. வீட்டுக்கொருவர் வந்து கரையை அடைக்கவேண்டுமென்பது பாண்டியன் ஆக்ஞை. ஆளற்ற வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாய் வருகிறார். உதிர்ந்த பிட்டுத்தான் கூலி. அன்றைக்கென்று பிட்டெல்லாம் உதிர்ந்துபோகும், அதுதான் லீலை.

லீலையில் ஒரு சிக்கல் நேர்ந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளையொன்றின் அப்பத்தா, மேடைக்குப் போகிற பதார்த்தமாயிற்றே என்று, தேங்காயும் வெல்லமும் தாராளமாய்ச் சேர்த்து, கல்லைப்போல் உருட்டிய பிட்டைக் கொடுத்தனுப்பிவிட்டாள். அது உதிரவில்லை. மண்வெட்டியுடன் நின்ற சொக்கநாதர் அதைத் தட்டிப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், பிறகு நாடகத்தில் இல்லாத வசனமாக, “உதிர மாட்டேங்குதே பாட்டி” என்று உரக்கப் பிரகடனம் செய்தார். வந்திக் கிழவியாக நின்ற ஐந்தாம் வகுப்புச் சிறுமி வீட்டில் மூன்று தம்பிகளை வளர்க்கிறவள். இரண்டு உருண்டைகளை வாங்கிக் கையால் நசுக்கித் தட்டில் கொட்டி, “இப்ப உதிந்திருச்சு. தின்னுட்டு வேலையப் பாரு” என்றாள். கடவுள் உட்கார்ந்து தின்றார். ஒத்திகையில் ஒரு வாய்தான் தின்னவேண்டுமென்று சொல்லியிருந்தோம். அன்றோ தட்டு காலியாகும்வரை பாண்டியன் பிரம்போடு காத்து நிற்க நேர்ந்தது.

கடைசியில் அடி விழுந்தது. மேடையில் இருந்த எல்லோரும் முதுகைத் தடவிக்கொண்டு அலறவேண்டும். ஆனால் அமைச்சர்களும் கரையடைப்பவர்களும் பிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் ஒருவர் வாயிலிருந்தும் சப்தம் எழவில்லை. சொக்கநாதர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாண்டியனிடம், “ஒருத்தனும் கத்தலைடா, இன்னொருக்கா அடி” என்றார். மன்னன் திரும்பவும் ஓங்கி அடித்தான். இம்முறை மேடை மாத்திரமன்றி, கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு முழுவதும் அலறியது. புராணத்தை இவ்வளவு யதார்த்தமாக நடித்துக் காட்டிய வேறொரு நாடகக் குழுவை நான் கண்டதில்லை.

இனி எஞ்சியிருப்பது முழு ஆண்டுப் பரீட்சை. அதைப்பற்றித்தான் இலாகாவினரிடம் ஒரு விண்ணப்பம். அழகர் வைகையில் இறங்குகிற சித்ரா பௌர்ணமி 2022-இல் ஏப்ரல் 16-ஆம் தேதி வந்தது. 2025-இல் மே 12-க்குப் போய்விட்டது. மே மாதத்தில் விழுந்தால் யாருக்கும் உபத்திரவமில்லை. ஏப்ரலில் விழுகிற ஆண்டுகளில், மீனாட்சி கோயிலில் கொடியேறிய நாளிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிபடுவதில்லை. வகுப்பில் பாதி, தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பைக்கு மூக்குச் செய்துகொண்டிருக்கும். மீதிப் பாதி மொட்டையடித்துச் சந்தனம் பூசி வந்து உட்கார்ந்திருக்கும். பெயர் கூப்பிட்டால் ஒரே மாதிரியான மொட்டைகள் ஒரே மாதிரியாக “உள்ளேன் ஐயா” என்கின்றன. எந்த விடைத்தாள் எந்த மொட்டைக்குரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பு மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்றும், எங்கள் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்தார் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெய்வங்களே தேதியையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்த ஜில்லா இது. ஆகவே, அடுத்த நாட்காட்டியை அச்சிடுமுன் ஒரு முறை பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, பௌர்ணமி ஏப்ரலில் வருமானால் மதுரை மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு மட்டுமாவது பரீட்சையைக் கொடியேற்றத்துக்கு முன்பே முடித்துவிடும்படி அதிகாரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.