நாற்பத்தெட்டில் விசேஷம்

எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஒரு பெண் லேடி டாக்டரிடம் போக ஒரே காரணம்தான் இருக்க முடியும். வாசல் பலகையில் 'மகப்பேறு மற்றும் பெண்கள் நலம்' என்று இரண்டு சங்கதி எழுதியிருக்கும். பக்கத்திலேயே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படமும் இருக்கும். படத்தைப் பார்த்ததோடு ஊர் வாசிப்பதை நிறுத்திக்கொள்ளும். பெற்று முடித்தவளுக்கு அப்புறம் நலம் எதற்காம்?

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நின்றுபோகும் என்கிறார்கள். எனக்கு 48. என்னுடையது நிற்பதற்குப் பதிலாக, விருந்துக்கு வந்து ஊர் திரும்ப மனமில்லாத மாமனார் மாதிரி தங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. எல்லா பஸ்ஸும் நிற்கும். எந்த டாக்டரும் நிலைக்க மாட்டார். நிலைத்தவர் பெரிய டாக்டரம்மா ஒருவர்தான். டி.ஜி.ஓ. முடித்தவர், கைராசிக்காரர். இதில் பின்னதுதான் பெரிய பட்டம். அவரைவிட அதிகம் படித்த ஒருவர் வந்து ஆஸ்பத்திரி திறந்தார். முதல் வாரமே இரண்டு பேருக்குக் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. தாயும் பிள்ளையும் சௌக்கியம்தான், இருந்தும் கைராசி இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

என் மகன் பெரிய டாக்டரம்மா கையில்தான் பிறந்தான். அங்கேயே போயிருப்பேன். ஆனால் அவருக்கு இப்போது காது மந்தம். நமக்குத்தான் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவர் சத்தம் போடுவார். உள்ளறைக்கும் கூடத்துக்கும் இடையே பச்சைத் திரை ஒன்றுதான். "கட்டி கட்டியாப் படுதா?" என்று அவர் கேட்டால் கூடத்தில் இருக்கிறவர்கள் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நம் பதில் டாக்டருக்கு எட்டவில்லை என்றால், "ஆமாங்காங்க டாக்டர்!" என்று அங்கிருந்தே எடுத்துச் சொல்லி உதவவும் ஆள் உண்டு.

பக்கத்து ஊரில் இன்னொருவர் இருக்கிறார், கெட்டிக்காரர். என் கொழுந்தனுக்குச் சம்பந்தி. அடுத்த முகூர்த்தத்தில் எதிர் இலையில் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு, மைனி?" என்பார். சாம்பார் இறங்குமா?

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமல், "பிக்மி நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள். கர்ப்பிணிகளுக்கான பதிவு எண் அது. அது இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்க முடியாது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் 18,000 ரூபாய் உதவியும் கிடைக்காது.

"எனக்கு அதெல்லாம் இல்ல தாயி."

"இன்னும் பதியலையா? கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்ப?"

"போன மாசம் ரெண்டு தடவை."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. டாக்டர் பிரசவ அறைக்குள் இருந்தார். வலியில் ஒருத்தி கதறும்போது நான் காத்திருப்பதுதான் நியாயம். ஆனால் அன்றைக்கென்று ஊரில் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன.

கடைசியில் வாய்த்தவர் திருநெல்வேலியிலிருந்து செவ்வாயும் சனியும் வந்துபோகிற இளம் டாக்டர். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியறையில் மூன்று மணிக்கு உட்காருவார். என் வீட்டுக்காரர் ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் கீழே பைக்கிலேயே இருந்தார். எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால், வந்திருப்பது யார் என்று அறிவிப்புப் பலகை வைத்த மாதிரி ஆயிற்று. நான் இறங்கி வருவதற்குள் எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர். "மைனி, விசேஷமா?"

ராத்திரி பெங்களூரிலிருந்து மகன் பேசினான். "அம்மா, என்கிட்ட ஏதும் சொல்லணுமா?"

ஸ்கேன் எடுக்க வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். குடித்துவிட்டுப் போனால் எனக்கு முன்னால் பெரிய வரிசை. அந்த நேரத்தில் பார்வையை எங்காவது ஊன்றிக்கொண்டால்தான் தப்பிக்கலாம். நான் சுவரில் இருந்த பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், 1994-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம் என்று போட்டிருந்தது. எனக்கு இருந்தது மூன்று சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி. அது என்ன பிள்ளை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"எலுமிச்சை சைஸ்" என்றார் டாக்டர். அதை அப்படியே என் நாத்தனாரிடம் சொன்னேன். மேலத் தெருவில் அது கொய்யாவானது. பஜாரைத் தாண்டும்போது தேங்காய். கோயில் வாசலில் ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூசணிக்காய் அளவுக்கு வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுத?" என்று கண்கலங்கினாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: "பெத்தாச்சுல்லா? இனி அது எதுக்கு? எடுத்துப் போட்டிரு." தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிமுறைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2023-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் தெருவுக்கு நகல் இன்னும் வரவில்லை.

டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. மாதவிலக்கு நின்றபின் இந்தக் கட்டி பெரும்பாலும் தானே சுருங்கிவிடும், அதுவரை அதிகமாகப் படும் நாட்களில் மட்டும் மாத்திரை போதும் என்றார். ஒரு வருடம் முழுக்க நின்றபிறகு மறுபடி பட்டால் மட்டும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டுமாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. அதை ஒட்டி முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. கட்டியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நாலு மணி டீயில் கை வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"விசேஷமா?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள் இப்போது ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியாக வருகிறார்கள். ஒருத்திக்கு மூன்று மாதமாக நிற்காமல் படுகிறது. இன்னொருத்திக்கு இருமினாலே சொட்டுகிறது. வருடக்கணக்காக யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகாத மகளுக்கு மாதக்கணக்கில் வரவேயில்லை என்று ஒருத்தி. அந்தப் பெண் லேடி டாக்டரின் படியேறினால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி அல்லவா?

எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான். "யக்கா, அந்த டாக்டர்கிட்ட எப்ப கூட்டம் இருக்காது?"

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கே போயிரு. நாலரை வரைக்கும் ராகு காலம். ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் வராது."