எம்டனும் வெள்ளிக் கூஜாவும்

குடும்ப வரலாறு எழுத உட்காருகிற அத்தனை பேருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரேதான். நூறு வேலி நிலம் வைத்திருப்பார். யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு எல்லாம் போயிருக்கும். சீட்டாடித் தொலைத்த கொள்ளுத்தாத்தா ஒருவர்கூட அகப்படுவதில்லை. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். இந்த நூறு வேலிகளையெல்லாம் கூட்டினால் தஞ்சாவூர் ஜில்லாவை அந்தமான் வரை இழுத்துக் கட்ட வேண்டிவரும்.

உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். 1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது முதலில் சொன்னது ஊர்க்கதை. ஏகாதசி என்பதை மறந்து தஞ்சாவூர் ராஜா ஒருவர் வெற்றிலை போட்டுவிட்டார். அந்தத் தோஷம் கழியத் தானமாகக் கொடுத்த ஊர் உத்தமதானபுரம். ராஜா எத்தனை கோட்டை பிடித்தார் என்று யார் கேட்டார்கள்? வாய் சிவந்து முழிக்கிற ராஜா போதும், ஆள் மனசில் உட்கார்ந்துவிடுகிறார்.

எங்கள் வீட்டு ராஜா என் தாத்தா. தம்புச்செட்டித் தெரு வீட்டு மொட்டை மாடியில் நின்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதைக் கண்ணால் பார்த்தவர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சாதித்திருக்கிறோம். எழுதுவதற்காக ஜாதகத்தை எடுத்தேன். ஆனந்த வருஷம், தை மாசம். அந்த வருஷம் பிறந்தது 1914 ஏப்ரலில். ஆகவே தை என்றால் 1915 ஜனவரி நடுவுக்கு மேல். எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதோ 1914 செப்டம்பர் 22 இரவு. தாத்தா பார்த்தது நிஜமென்றால் அபிமன்யு மாதிரி வயிற்றுக்குள்ளிருந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ அப்போதுதான் கதையே கிடைத்தது. தாத்தாவை மாடியிலிருந்து இறக்கிவிட்டால் அங்கே நிற்பவள் பிள்ளைத்தாச்சியான கொள்ளுப்பாட்டி. துறைமுகப் பக்கம் வானம் எரிகிறது. ஊரே மூட்டை கட்டுகிறது. வண்டிக்காரன் வாய்க்கு வந்த கூலி கேட்கிறான். அவள் எதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்?

இப்படி ஒரு கேள்வியைச் சொந்தக்காரர்கள் நடுவில் போட்டுவிட்டால் கற்பனைக்கு அதிகம் வேலையில்லை. வசனம் தானாக வரும், அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

“வெள்ளிக் கூஜாடா. இடுப்பில வச்சுண்டு எழும்பூர் வரைக்கும் நடந்தா” என்றார் அத்தை.

“ஊறுகாய் ஜாடி. கூஜாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றார் சித்தப்பா.

கூஜா சித்தப்பா வீட்டு பீரோவில் இருக்கிறது என்பது அத்தையின் பல வருஷத்துக் கட்சி. இதில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒரு பாத்திரம் பொய் சொல்கிறது என்று தெரிந்தால்தான் வாசகர் அடுத்த பக்கம் புரட்டுவார்.

பிறகு பரணிலிருந்து தாத்தாவின் கல்யாண மொய் நோட்டு கிடைத்தது. பெண் வீட்டார் பக்கத்தில் ஊதா மசியில் ஒரு வரி: ‘வெள்ளிக் கூஜா 1’. ஆக, எம்டன் வந்தபோது கூஜா வீட்டிலேயே இல்லை. சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அத்தை அசரவில்லை. “அது வேற கூஜா. அப்ப ரெண்டு கூஜாவா பீரோவில இருக்கு?”

வழக்கு இப்போது இரண்டு கூஜாக்களுக்கு நடக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.